தப்பாகச் சொன்ன துபாஷி

கப்பல்கள் வந்து போகும் ஒரு கரையோரச் சீமை. அதை ஆண்டவர் நவாப் தில்தார் கான். அவர் சபையில் அரபு துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளன், அடியேன் மீரான் லெப்பை. எனக்குத் தெரிந்த அரபுச் சொல் மூன்றே: குதிரை, பேரீச்சம்பழம், சலாம். இந்த மூன்றை வைத்தே ஏழு வருஷம் சம்பளம் வாங்கியவன் நான்.

மௌலவி முத்தலிபு சாகிபு மதரஸாவில் முப்பது வருஷமாகப் பிரம்பு பிடித்தவர். என் வேலையைத் தன் மைத்துனருக்கு வாங்கித் தர அவருக்கு ஆசை. நவாபுக்குப் பேரன் பிறந்த சமயம் பார்த்து, எனக்கு அரபு தெரியாது என்று அவர் காதில் ஓதிவிட்டார்.

"துபாஷி!" என்றார் நவாப். "ஐன், லாம், மீம் என்று மூன்று அரபு எழுத்து. அறிவைக் குறிக்கிற வேர். அதில் முளைத்த சொல்லையும் பேரையும் பொருளோடு வெள்ளிக்கிழமை சபையில் வை. பிள்ளைக்குப் பேர் சூட்டணும். முடியாவிட்டால் உன் வேலை மௌலவியின் மைத்துனருக்கு."

அறிவின் வேரை என்னிடமா கேட்பது! வீட்டில் வந்து சொன்னேன். "அப்போ இன்னிக்கே மூட்டை கட்டிடுறேன்" என்றாள் மனைவி. என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை மௌலவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தெருவில் காதில் விழுந்த நாலு சொல்லோடு நான் எழுந்தேன்.

"ஹுஸூர், ஆலிம் என்றால் குதிரை லாயக்காரர்."

"தௌபா!" மௌலவி துள்ளி எழுந்தார். "கற்றறிந்தவர், ஓய்!"

ஓதும்போது ஒருவர் தவறினால் தெரிந்தவர் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டும். மதரஸாவில் அதுதான் முறை. முப்பது வருஷப் பழக்கம் சும்மா இருக்க விடுமா?

"அலம் என்றால் தலைப்பாகை."

"படைக்கு முன்னால் போகிற கொடி! இன்னார் படை என்று அறிவிப்பது!"

"ஆலம் என்றால் நம் துறைமுகத் தெரு."

"உலகம் முழுசும், மடையா!"

"முஅல்லிம் என்றால் சமையல்காரர்."

"கற்றுக்கொடுப்பவர்! கப்பலுக்கு வழி சொல்கிற முஅல்லிமைத்தான் நம் ஆட்கள் மாலுமி ஆக்கிவிட்டார்கள்!"

அதற்கப்புறம் நான் தேவைப்படவே இல்லை. தஃலீம், கல்வி. அலாமத், அடையாளம். அல்லாமா, பேரறிஞர். அலீம், யாவும் அறிந்த இறைவன். பிள்ளைக்கு வைத்தால் அப்துல் அலீம், அந்த இறைவனின் அடியான். மௌலவி கொட்டிக்கொண்டே போனார். எழுத்தர் கை வலிக்க எழுதினார்.

அவர் மூச்சு வாங்கியபோது சொன்னேன்: "ஹுஸூர், வைத்தாகிவிட்டது."

"இவன் ஒன்றுகூடச் சரியாகச் சொல்லவில்லையே!" என்று அலறினார் மௌலவி.

"சபையில் வை என்றுதான் உத்தரவு. யார் வாயால் என்று உத்தரவில் இல்லையே, ஹுஸூர்."

நவாப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேரனுக்கு அப்துல் அலீம் என்று பேர் வைத்தார். என் வேலை தப்பியது. வெகுமதியும் உண்டு: தினமும் காலையில் அதே மௌலவியிடம் எனக்கு அரபுப் பாடம்.

ஆறு மாதம் ஆகிறது. பிரம்பு தேய்ந்துவிட்டது. ஒரே ஒரு சௌகரியம், தப்பான பதிலை இப்போதெல்லாம் நான் யோசித்துச் சொல்ல வேண்டியதில்லை; தானாகவே வந்துவிடுகிறது.