பட்டம் சொல்லி முடிப்பதற்குள்

மனிதரும் மிருகங்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நம்புகிறவர்கள் நம்புங்கள், நம்பாதவர்கள் கதை முடிகிறவரையாவது சும்மா இருங்கள். நாவல் மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று இருந்தது. அதற்கு ஒரு ராஜா. அவர் பெயர் கவைக்கொம்பர்.

கவைக்கொம்பர் என்று நான் சுருக்கமாகச் சொல்லிவிட்டேன். அந்தக் காட்டில் அப்படிச் சொல்லியிருந்தால் என் காதைத் திருகியிருப்பார்கள். ராஜாவிடம் யார் எதைச் சொல்ல வந்தாலும் முதலில் அவருடைய பட்டங்களை வரிசையாகச் சொல்ல வேண்டும். "மூன்று காடு மேய்ந்த முதல்வரே, மூன்று ஓடை தாண்டிய மூர்த்தியே, ஆறு கிளைக் கொம்பேந்திய அரசே, நாவல் நிழலுக்கு நாயகரே, நரிக்கும் அஞ்சாத நாட்டாரே, கவைக்கொம்பரே" என்று நீட்டி முழக்கிவிட்டுத்தான் வந்த விஷயத்துக்கு வரலாம். அதுவரை கூட்டம் முழுவதும் மேய்ச்சலை நிறுத்தி, தலையைக் குனிந்து, அசையாமல் நிற்க வேண்டும். பாதியில் மறந்துபோனால் மறுபடியும் முதல் காட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இந்தப் பட்டங்களையெல்லாம் கட்டியவர் மந்திரி பெருநாவர். கொம்பு தேய்ந்துபோன கிழ மான். ஓடத் தெரியாவிட்டாலும் பேசத் தெரியும். அதை வைத்தே உடம்பை நன்றாக வளர்த்து வைத்திருந்தார்.

அந்தக் காட்டுக்கு உடும்பன் என்று ஒரு வேடன் வந்துகொண்டிருந்தான். அவன் ஓடி அலைகிற ஆள் இல்லை. காரைப் புதரில் வசதியாக உட்கார்ந்துகொள்வான். காவல் மான் அவனைப் பார்த்துவிட்டு ராஜாவிடம் ஓடும். முதல் பட்டத்துக்கு உடும்பன் வில்லில் நாண் ஏற்றுவான். மூன்றாம் பட்டத்துக்கு அம்பைத் தொடுப்பான். ஐந்தாம் பட்டத்துக்கு ஒரு கண்ணை மூடுவான். "வேடன் வந்திருக்கிறான்" என்ற செய்தி ராஜாவின் காதில் விழும்போது கூட்டத்தில் ஒரு மான் குறைந்திருக்கும்.

"ராஜாவுக்குப் பட்டம் பெருகப் பெருக நமக்குக் குழம்பு பெருகும்டி" என்று அவன் தன் மனைவியிடம் சொல்லுவான்.

மூன்று முறை வந்தான். மூன்று மான்கள் போயின. மூன்று முறையும் மந்திரி விசாரணை வைத்தார். முதல் முறை, காவல் மான் நடுவில் இருமியதுதான் காரணம் என்றார். இரண்டாம் முறை, ராகம் சரியில்லை என்றார். மூன்றாம் முறை, நான்காம் பட்டத்துக்கும் ஐந்தாம் பட்டத்துக்கும் நடுவே மூச்சு விட்டுவிட்டதாம். அன்று செத்தது மருளி என்ற பெண்மானின் அக்காள். மூச்சு விடாமல் எப்படிப் பேசுவது என்று கேட்க மருளிக்கு வாய் வரை வந்தது; ஆனால் அதைக் கேட்பதற்கும் முதலில் ஆறு பட்டம் சொல்ல வேண்டுமே என்று விட்டுவிட்டாள். அழுதுகொண்டே போய்ப் படுத்தாள்.

அடுத்த வாரம் உடும்பனுக்குப் பல்வலி. காட்டுக்கு வரவில்லை. "பார்த்தீர்களா, நம் அரசருக்குப் பயந்துவிட்டான்" என்று மந்திரி உடனே ஏழாவதாக ஒரு பட்டம் சேர்த்தார்: "வேடனை விரட்டிய வீரரே." ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

இப்போது காவல் முறை மருளிக்கு வந்தது. அவளுக்கு மூக்கு கூர்மை, காது கூர்மை, கால் வேகம். ஞாபகம்தான் சுத்தமாகக் கிடையாது. காட்டுக்கு முன்னால் ஓடையைச் சொல்லுவாள், நாவல் மரத்தில் நரியை ஏற்றுவாள். மூன்று நாள் விழுந்து விழுந்து மனப்பாடம் செய்தாள். பக்கத்தில் படுத்திருந்த அவள் குட்டிக்கு ஏழு பட்டமும் மனப்பாடம் ஆகிவிட்டது, அவளுக்கு ஆகவில்லை.

நாலாம் நாள் காலையில் காற்று திரும்பியது. அடுப்புப் புகையும் வெற்றிலையும் கலந்த வாசனை வந்தது. பல்வலி தீர்ந்து உடும்பன் வந்துவிட்டான். மருளி ஒரே ஓட்டமாக ராஜாவின் முன் வந்து நின்றாள்.

"மூன்று காடு மேய்ந்த முதல்வரே."

கூட்டம் தலை குனிந்தது. பால் மணம் மாறாத அவள் குட்டியும் சின்னத் தலையைக் குனிந்து ஒழுங்காக நின்றது. புதரில் உடும்பன் நாண் ஏற்றினான். அவன் பார்வை குட்டியின் மேல் இருந்ததை மருளி கண்டாள்.

"மூன்று..." என்றாள். அத்துடன் எல்லாம் மறந்துபோயிற்று. "மூன்று... மூன்று..."

மந்திரி முறைத்தார். யாரும் அசையவில்லை. புதரில் உடும்பனும் அசையவில்லை. மூன்றாம் பட்டம் வந்தால்தான் அவன் கை அம்பறாத்தூணிக்குப் போகும், அப்படியே பழகிவிட்டான். முழங்கால் வேறு கடுத்தது. கடைசியில் அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"மூணு ஓடை தாண்டிய மூர்த்தியே. மேல சொல்லித் தொலையேன்" என்று புதருக்குள்ளிருந்து எடுத்துக்கொடுத்தான்.

மருளி குரல் வந்த பக்கம் திரும்பினாள். முன்னங்கால் தானாகத் தரையைத் தட்டியது, வால் தானாக மேலே தூக்கிக்கொண்டது, தொண்டையிலிருந்து "ஆவ்" என்று ஒரு சத்தம் வந்தது. கூட்டம் திகைத்துத் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் எல்லா மூக்கிலும் வெற்றிலை வாசனை ஏறியது. பிறகு அங்கே யார் நிற்பார்கள்? உடும்பன் அவசரத்தில் விட்ட அம்பு நாவல் மரத்தில் குத்தி நின்றது. அன்று ஒரு மானும் குறையவில்லை.

மறுநாள் காலையில் ஓடைக்கு அக்கரையில் மருளியின் மேல் விசாரணை நடந்தது.

மந்திரி குற்றங்களை அடுக்கினார். அரசரின் ஆறு பட்டங்களை விழுங்கியது ஒன்று. அரசர் முன் காலைத் தட்டியது இரண்டு. மூன்றாவதைச் சொல்லவே அவருக்குக் கூச்சமாக இருந்தது: அரசருக்கு முன்னால் வாலைத் தூக்கிக் காட்டியது. "இவளும் இவள் குட்டியும் கூட்டத்தை விட்டு வெளியேற வேண்டும்" என்றார்.

கூட்டத்தை விட்டுப் போன குட்டி மூன்று நாள் தாங்காது. அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். மருளிக்கும் தெரியும்.

ராஜாவோ வேறொரு சந்தோஷத்தில் இருந்தார். "ஒரு மனிதன் என் பட்டத்தைச் சொன்னான், கேட்டீர்களா?" என்றார்.

மருளிக்கு இனிமேல் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. பட்டம் சொல்லாமலே பேசினாள். "கேட்டேங்க ராஜா. எங்களைவிட அவன் நல்லாப் பாடம் பண்ணி வெச்சிருக்கான். எதுக்குப் பாடம் பண்ணினான்னு மட்டும் கொஞ்சம் யோசிங்க. அந்தப் பட்டம் எனக்கு வாயில வந்திருந்தா இப்ப என் புள்ள இல்ல."

ராஜா அந்தக் குட்டியைத் திரும்பிப் பார்த்தார். மந்திரி விடவில்லை. தீர்ப்புக்கு முன்னால் பட்டம் சொல்வதுதான் முறை என்று தானே முன்னால் வந்து கண்ணை மூடினார். புதிதாக எட்டாவது ஒன்றும் கட்டி வைத்திருந்தார்: "மனிதனும் துதிக்கும் மன்னரே."

"மூன்று காடு மேய்ந்த முதல்வரே" என்று ஆரம்பித்தார். கூட்டம் குனிந்தது. மருளியும் குனிந்தாள். புகழ்ச்சியைக் கேட்கிறவர் ஆயிற்றே, ராஜா மட்டும் தலை நிமிர்ந்திருந்தார். அதனால் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு புதர் அசைவதை அவர் மட்டும் பார்த்தார். உள்ளே உடும்பனின் வில் வளைந்தது.

"மூன்று ஓடை தாண்டிய மூர்த்தியே."

ராஜா தன் பிறவியில் முதல் தடவையாகத் தன் பட்டங்களை எண்ணினார். இத்தனை நாளும் தேன் மாதிரி இருந்தவை இப்போது ஒவ்வொன்றும் அவருக்குக் கசந்தன.

"ஆறு கிளைக் கொம்பேந்திய அரசே."

அம்பு நாணில் ஏறியது. கூட்டத்திலேயே கொழுத்த உடம்பாகப் பார்த்து, அதாவது மந்திரியைப் பார்த்து, அது திரும்பியது. ராஜா ஒரு தாவலில் ஓடையைத் தாண்டித் தப்பித்திருக்கலாம். யாரும் பார்க்கப்போவதில்லை, எல்லோரும் குனிந்திருந்தார்கள். அவர் ஓடவில்லை. செய்தியைச் சொல்ல வாயைத் திறந்தார். பழக்கதோஷம், "மூன்று காடு" என்றுதான் நாக்கு புரண்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார். காலால் தரையை ஓங்கித் தட்டினார். "ஆவ்" என்று கத்தினார். அத்தனை பேர் முன்னிலையிலும் வாலைத் தூக்கினார்.

கூட்டம் பறந்தது. மருளி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். மந்திரி மட்டும் கண்ணைத் திறக்காமல் நரிவரைக்கும் சொல்லிக்கொண்டு போனார். அப்புறம் சந்தேகம் வந்து கண்ணைத் திறந்தால் எதிரே ராஜா ஒருவர்தான் நின்று தட்டிக்கொண்டிருந்தார். அம்பு வந்து மந்திரியின் வால் மயிரைச் சிரைத்துக்கொண்டு போயிற்று. ஓடத் தெரியாத பெருநாவர் அன்று ஓடின ஓட்டத்தை இன்னும் அந்தக் காட்டில் பேசிக்கொள்கிறார்கள்.

மலைச்சரிவில் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, ராஜா தலைகளை எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. மருளியிடம் வந்தார்.

"காலை இன்னும் ஓங்கி எப்படித் தட்டணும்னு எனக்குச் சொல்லிக்கொடும்மா" என்றார்.

அன்றிலிருந்து மான்கள் காற்றில் மூக்கை வைத்தே மேய்கின்றன. ஆபத்து தெரிந்தால் கண்ட மானே காலைத் தட்டும், வாலைத் தூக்கும், ஒரே ஒரு சத்தம் கொடுக்கும், அதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை. உடும்பன் வெகுகாலம் புதரில் உட்கார்ந்து முதல் பட்டத்துக்காகக் காத்திருந்தான் என்று சொல்கிறார்கள்.

ஆகவே, ஆபத்து வரும் வேளையில் மரியாதையைப் பின்னால் வைத்து உண்மையை முன்னால் சொல்கிறவரும், அதைக் கோபப்படாமல் கேட்கிற தலைவருமே கூட்டத்தைக் காப்பவர்கள்.