பதினோராவது பொருத்தம்

திருமணங்கள் சொர்க்கத்தில் நிச்சயிக்கப்படுகின்றன என்று சொல்வார்கள். இது பெரும்பிழை. இத்தனை தலைமுறைகளாக எந்தப் புலவரும் இதைத் திருத்தாமல் விட்டது வருத்தத்துக்குரியது. ஒரு திருமணமாவது ஏரியின் நடுவே, ஒரு பரிசலுக்குள் நிச்சயிக்கப்பட்டது.

முன்னொரு காலத்தில் வெண்பனிநாட்டை அதிரூபராயன் என்ற மன்னன் ஆண்டான். அங்கே ஏரியிலிருந்து எழும் பனி உச்சிவேளை வரை தெருக்களில் உலவும். மக்கள் பாதிக் கனவிலேயே கடை திறப்பார்கள். மன்னனுக்கும் முழு விழிப்பில் முடிவெடுக்கும் வழக்கமில்லை. ஒரு நாள் படுக்கையை விட்டு எழுந்ததும், "என் மகள் மதுரவல்லிக்கும் பெண் கேட்டு வந்திருக்கும் மலைநாட்டு இளவரசன் கடம்பனுக்கும் மூன்றாம் நாள் கல்யாணம்" என்றான்.

அரண்மனைச் சோதிடர் திருமேனியார் ஏட்டை விரித்தார். "பத்துக்குப் பத்துப் பொருத்தம், மன்னா."

அமைச்சர் ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். "இருவரும் ஒருமுறை பேசிப் பார்க்கட்டுமே, அரசே."

"நட்சத்திரங்களே பேசி முடித்துவிட்டன. அமைச்சருக்கு அவற்றின் மேல் ஐயமோ?" என்றார் சோதிடர். அமைச்சர் பதவிமேல் அவருக்கு நெடுநாள் கண்.

"ஐயமில்லை, ஐயா. ஆனால் குடித்தனம் நடத்தப்போவது அவை இல்லையே."

மன்னன் சிரித்துவிட்டான். "சரி, ஒரு நாழிகை தருகிறேன். ஏட்டில் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தால் நீர் வென்றீர். இல்லாவிட்டால் உமது முத்திரை மோதிரம் சோதிடர் விரலுக்குப் போகும்."

மறுநாள் காலை அமைச்சர் மணமக்களை ஒரு பரிசலில் ஏற்றி, ஆளுக்கொரு துடுப்பு கொடுத்தார். "நடுவில் பூத்திருக்கும் தாமரையைப் பறித்து வாருங்கள். வழியில் இரண்டே கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே வாழ்வோம்? கோபம் வந்தால் என்ன செய்வோம்?"

பரிசல் பனிக்குள் கரைந்தது. படித்துறையில் நின்ற அவைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நீர்மேல் பேச்சு நன்றாகக் கேட்கும். அமைச்சருக்கு அது தெரியும்.

"இளவரசே, ஏன் அந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள்?"

"நீங்கள்தான் இந்தப் பக்கம் இழுக்கிறீர்கள். சுற்றிக்கொண்டே இருக்கிறோம்."

"தலை கிறுகிறுக்கிறது. கேள்வியையாவது முடிப்போம். எங்கே வாழ்வோம்?"

அவன் "மலையில்" என்றான். அதே மூச்சில் அவள் "இங்கே" என்றாள். துடுப்புகள் நின்றன.

"நீங்கள் இங்கேயே தங்கிவிடுவீர்கள் என்று அப்பா எனக்கு வாக்குக் கொடுத்தாரே."

"எனக்கும் கொடுத்தார், மறுமாதமே உங்களை அழைத்துப் போகலாம் என்று. என் அம்மாவுக்குக் கண் தெரியாது. நீங்கள் வரும் நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்."

கரையில் மன்னன், இல்லாத பறவை ஒன்றை வானத்தில் தேடினான்.

"தாலி ஏறிய பிறகு தெரிந்திருந்தால், உங்களைத்தான் பொய்யர் என்று நினைத்திருப்பேன்."

"நானும் உங்களை அப்படித்தான் நினைத்திருப்பேன்."

துடுப்புகள் மறுபடி நீரில் இறங்கும் சத்தம் கேட்டது. பனி மெல்ல நகர்ந்தது.

"மழைக்காலத்தில் உங்கள் மலை எப்படி இருக்கும்?"

"கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மேகம் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொள்ளும்."

"அதைப் பார்க்கவேண்டும். மழைக்கு ஆறு மாதம் அங்கே இருப்போம். மீதி மாதங்கள் உங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடுவோம்."

"சரி. எனக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் பேசமாட்டேன்."

"எனக்கு மூன்று நாள் தாங்காது. ஒரு வேளைச் சாப்பாடு வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்."

"இரண்டு வேளை."

"ஒன்றரை."

பனி விலகியது. பரிசல் தாமரையோடு நேராகக் கரைக்கு வந்தது.

மன்னன் சோதிடரிடம் திரும்பினான். "இது பத்தில் எந்தப் பொருத்தம்?"

சோதிடர் ஏட்டை முன்னும் பின்னும் புரட்டினார். "இது... பதினோராவது, மன்னா."

"இது பொருந்தாமல் போயிருந்தால் யார் பொறுப்பு?"

"இரண்டு வாக்குக் கொடுத்தவருக்கும் கொஞ்சம் பங்குண்டு, அரசே" என்றார் அமைச்சர்.

மன்னன் முகம் சிவந்து, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டான். இனி அந்நாட்டில் தாலிக்கு முன் எல்லா இணைகளும் பரிசல் ஏறவேண்டும் என்றும், ஏறி இறங்கும்வரை பரிசல் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர் திருமேனியார் என்றும் ஆணையிட்டான்.

அன்று மாலை, மணமாகி இருபத்தைந்து ஆண்டுகளான அரசி ஒரு பரிசல் கேட்டாள். மன்னனும் கூட ஏறினான். விளக்கு வைக்கும் நேரம் வரை அது ஏரியின் நடுவில் சுற்றிக்கொண்டிருந்தது.