கும்மாளத்துக்குப் பொருள்

ஒன்பது வருஷம் பாடுபட்டு உலகநாதர் ஓர் அகராதி எழுதி முடித்திருந்தார். மீதி இருந்தது ஒரே ஒரு சொல். கும்மாளம்.

அவருடைய குரு திலகவதியார், அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்த அம்மாளின் குருகுலத்தில் ஒரு வழக்கம் உண்டு. தான் பட்டறியாத சொல்லுக்கு யாரும் பொருள் எழுதக் கூடாது. 'பசி' என்று எழுதுவதற்காக உலகநாதர் மூன்று நாள் பட்டினி கிடந்திருக்கிறார், பாவம். நாளைக்கு அரங்கேற்றம். இந்தச் சொல் இல்லாத அகராதி மேடை ஏறாது என்று குரு கறாராகச் சொல்லிவிட்டார்.

"'மிகுந்த மகிழ்ச்சி' என்று போட்டுவிடலாமா அம்மா?"

"மகள் கல்யாணத்தில் உங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சிதானே? கும்மாளமா போட்டீர்கள்?"

கல்யாணத்தன்று முழுக்க உலகநாதர் பந்தியில் இலை வீணாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். குதித்தார். "ஓ" என்று கத்தினார். மறுபடி குதித்தார். கதவு திறந்தது.

"என்ன செய்கிறீர்கள்?"

"கும்மாளம், அம்மா."

"தனியாகவா? வைத்தியரைக் கூப்பிட்டுவிடுவார்கள்."

மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது. "அறுபத்துமூன்று வயசுக்கு மேல் இதை நான் எங்கே போய்த் தேட?"

குரு பதில் சொல்வதற்குள் தெருவில் கூச்சல் கிளம்பியது.

"பெரியகுளம் நிறைஞ்சிட்டுலே! மறுகால் பாயுது! எல்லாரும் வாங்க!"

ஐந்து வருஷமாக வெடித்துக் கிடந்த குளம் அது. ஊரே ஓடியது.

"நீங்களும் போங்கள்" என்றார் குரு.

உலகநாதர் காகிதமும் பேனாவுமாகப் போய்க் கரையோரம் ஒதுங்கி நின்றார். குளம் நிரம்பி வழிந்த தண்ணீரில் ஆணும் பெண்ணும் விழுந்து புரண்டார்கள். வருஷா வருஷம் நாற்று கருகக் கண்ட வெள்ளத்தாயி, தலையிலிருந்து தண்ணீர் ஒழுக நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணாச்சி, எழவு வீட்டுல நிக்க மாதிரி நிக்கிய? வாங்க இங்க!"

கையைப் பிடித்து ஒரே இழுப்பு. அவ்வளவுதான்.

பொழுது சாயும் நேரத்தில் சொட்டச் சொட்ட, ஒற்றைச் செருப்போடு, தொண்டை கட்டிப்போய் உலகநாதர் ஓடி வந்தார். சிரிப்பு அடங்கவில்லை.

"பொருள் கிடைத்ததா?"

"எங்கே அம்மா! யார் கையைப் பிடித்தேன், என்னத்தைக் கத்தினேன், ஒன்றும் நினைவில்லை. நான் என்னத்தை எழுத?"

"அதைத்தான்." குரு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சீக்கிரம் எழுதுங்கள். இருட்டுவதற்குள் நானும் போக வேண்டும்."