தாளாளர் அடிக்கும் பாஸ்வேர்டு

தென்காசிப் பக்கம் ஒரு தனியார் பள்ளிக்கூடம். அதன் தாளாளர் குணசீலனுக்குக் கம்ப்யூட்டரில் தெரிந்தது பொத்தானை அமுக்குவது மட்டும்தான். லேப் உதவியாளர் பேச்சியம்மாளைக் கூப்பிட்டார்.

"திங்கக்கிழமை கலெக்டர் வாராரு. எல்லாக் கம்ப்யூட்டர்லயும் திருட்டு விண்டோஸை எடுத்துட்டு காசில்லாமக் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுரு. முடியலைன்னா வேலைக்கு வராத."

"ஒத்த ஆளு எப்படி சார்?"

"அது உன் பாடு."

சனி, ஞாயிறு வீட்டுக்கே போகாமல் பேச்சி மாற்றி முடித்தாள். தாளாளர் குணம் தெரிந்தவள், எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டாக வைத்தாள்.

திங்களன்று கலெக்டர், பெற்றோர் கூட்டத்துக்கு முன்னால் தாளாளர் மைக்கைப் பிடித்தார். "எல்லாம் நானே உக்காந்து மாத்தினதுங்கய்யா."

"ஒண்ணைத் திறந்து காட்டுங்க" என்றார் கலெக்டர்.

திரை பாஸ்வேர்டு கேட்டது. தாளாளர் பேச்சி பக்கம் திரும்பினார். "பேச்சி, பாஸ்வேர்டு என்னம்மா?"

"எல்லாருக்கும் கேக்குமே சார், சொல்லட்டுமா?"

"சொல்லித் தொலை!" மைக் அவர் கையிலேயே இருந்தது.

"மாத்தினது பேச்சியம்மாள். இடைவெளி விடாம அடிங்க சார்."

கூட்டம் சிரித்தது. கலெக்டரும் சிரித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். அவருக்கு அவ்வளவுதான் வேலை. சாயங்காலமே பேச்சியின் வேலை போனது.

ஆசிரியர்களிடம் பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொன்னார் தாளாளர். மாற்றத் தெரிந்த ஒரே ஆளைத்தான் அவர் துரத்தியிருந்தார்.

இன்றைக்கும் காலையில் வந்ததும் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒற்றை விரலால் தாளாளர் அவள் பெயரை அடிக்கிறார். ஓர் எழுத்து தப்பினாலும் கம்ப்யூட்டர் திறப்பதில்லை.