சாமியாருக்குச் சாப்பாடு

எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கும் ஒருத்தி ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் இருந்தாள். பெயர் தில்லைநாயகி. அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில் கணவர் மாசிலாமணியோடு குடியிருந்தாள். தலைமுறை தலைமுறையாகச் சைவம். கொசு அடிக்கும் மட்டை அந்த வீட்டில் கிடையாது, கொசுவலைதான். கரப்பானைக்கூட முறத்தில் ஏற்றிப் படிக்கட்டில் இறக்கிவிட்டு வருவாள். கீழ்வீட்டுக்காரர்கள் அதற்கு என்ன சொன்னார்கள் என்பது வேறு கதை.

அரிசியில் வண்டு வைத்தால் மற்றவர்களைப் போல அவள் தண்ணீரில் அலசி மிதக்கவிட மாட்டாள். மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, அரிசியைப் பரப்பிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவாள். வெயில் ஏறினால் வண்டுகள் தாமாகவே வேட்டியை விட்டு நடந்து போய்விடும். மதியம் போய் அள்ளினால் அரிசி சுத்தமாக இருக்கும். கைப்பிடிச் சுவரில் எப்போதும் ஓர் ஓணான் உட்கார்ந்திருக்கும். வெயில் காய்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

"நான் எதையும் கொல்லல. அதுங்களாப் போயிருச்சுங்க" என்று மாசிலாமணியிடம் சொல்வாள். எங்கே போயின என்று அவரும் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சாமியார் வந்து சேர்ந்தார்.

சாமியார் என்பது ஒரு தாடி ஓணான். கடல்கடந்த இனம்; உடம்பெல்லாம் முள், தாடைக்குக் கீழே தாடி. கண்ணை அரையாக மூடிக்கொண்டு கல்மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் அழகைப் பார்த்துத் தில்லைநாயகியின் தங்கை வேதநாயகி வைத்த பெயர் அது. வேதாவுக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தது. கண்ணாடித் தொட்டி, சூட்டு விளக்கு, ஒரு நீளமான இடுக்கி, இவற்றோடு சாமியாரையும் அக்கா வீட்டில் இறக்கிவிட்டாள்.

"கொஞ்சம் கீரை, கொஞ்சம் பூச்சிக்கா. வேற தொந்தரவே கிடையாது. இவன் என் உசுரு, பத்திரமாப் பாத்துக்கோ" என்றாள்.

தில்லைநாயகி தலையாட்டிவிட்டாள். பூச்சி என்ற சொல்லின் கனம் அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

பூச்சிகள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தன. சுவர்க்கோழிகள். அவை ஒளிந்துகொள்ள உள்ளே முட்டை அட்டை இருந்தது. முட்டை அட்டை அந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டியது அதுவே முதல் தடவை. நாளெல்லாம் உள்ளே கால்கள் அட்டையைச் சுரண்டும். சாயங்காலம் ஆனதும் எல்லாம் சேர்ந்து கத்தத் தொடங்கும். சாமியாருக்குப் போடும்வரை அவையும் சாகக் கூடாது என்பதால் தில்லைநாயகி அவற்றுக்குக் கேரட் நறுக்கிப் போட்டாள்.

"பொரியல் எனக்கா, பூச்சிக்கா?" என்று மாசிலாமணி கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "சோறு போட்டு வளர்க்கறதும் நானு, தூக்கிக் குடுக்கறதும் நானுங்களா? என்னால முடியாதுங்க" என்றாள். அன்றைக்கே பெட்டியைக் கீழே மரத்தடியில் திறந்துவிட்டு வந்தாள்.

பிராணிக்கடையில் காய்ந்த பூச்சி டப்பாவில் விற்றார்கள். வற்றல் போல மொறமொறவென்று இருந்தது. வற்றலைத் தட்டில் கொட்டுவதில் என்ன பாவம்? கொட்டினாள். சாமியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"சாப்பிடுங்க சாமி" என்றாள்.

"எதை?" என்றது சாமியார்.

அது பேசியது என்பது அவளுக்கு உறைக்கவே சிறிது நேரம் ஆயிற்று. குரல் மணல் சரிவதைப் போல இருந்தது.

"முன்னாடிதானே இருக்குது."

"நகராதது எனக்குத் தெரியாது" என்றது சாமியார். கண்ணாடி வழியே அவள் இருந்த பக்கமாகத்தான் முகம் இருந்தது. ஆனால் அவளை அது பார்க்கவில்லை.

நாளாக ஆக வாலின் அடிப்பக்கம் குழி விழுந்தது. கண்கள் உள்ளே போயின. தாடி கறுத்தது. வேதா தொலைபேசியில் பார்த்துவிட்டு அழுதாள். "அக்கா, அவன் செத்துருவான்க்கா. உசுரோட குடுத்தாத்தான் அவன் கண்ணுக்கே தெரியும்" என்றாள். தில்லைநாயகிக்கு அன்று சோறு இறங்கவில்லை. கொல்லாத வீட்டில் ஓர் உயிர் கண்ணெதிரே பட்டினியில் சாகிறது. அதைக் கொல்வது யார்?

மறுபடியும் ஒரு சுவர்க்கோழிப் பெட்டி வாங்கி வந்து சமையலறையில் வைத்துவிட்டு நின்றபோதுதான் ஃப்ரிட்ஜ் பேசியது. கல்யாணத்துக்கு வந்த ஃப்ரிட்ஜ், அதற்கு அவளை நன்றாகத் தெரியும்.

"என்கிட்டக் குடு அம்மணி" என்றது. "உன் கையே படாது. கதவைச் சாத்தினாப் போதும்."

"வலிக்குமா?"

"தூங்கற மாதிரிதான் போகும். கதவு சாத்தினதும் உள்ள விளக்கு அணைஞ்சுரும், பாத்திருக்கிறயல்ல? அப்புறம் நடக்கறத நானே பாக்கறதில்ல."

அந்தப் பதில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. மேலே ஐஸ் பெட்டியில் தேங்காய்த் துருவலும் பிரசாதப் பாலும் இருந்ததால் அங்கே வைக்க மனம் ஒப்பவில்லை. கீழே காய்கறித் தட்டில் ஓர் ஓரமாக வைத்துக் கதவைச் சாத்தினாள். சுரண்டல் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. ஃப்ரிட்ஜ் மட்டும் திருப்தியாக உறுமிக்கொண்டிருந்தது.

மறுநாள் எடுத்துப் பார்த்தபோது எல்லாம் காலை மடக்கிக்கொண்டு விறைத்துக் கிடந்தன.

"ஆனா இதுவும் நகராதே" என்றாள்.

தொட்டிமேல் கிடந்த இடுக்கி கிளிங் என்று சிரித்தது. "நான் எதுக்கு இருக்கேன்? உன் விரலுக்கும் அதுக்கும் நடுவுல நான் இருக்கேன். நீ பிடிச்சா மட்டும் போதும், ஆட்டறது என் பொறுப்பு. செத்ததையும் உசுரோட இருக்கற மாதிரி நடக்க வெப்பேன்."

குளிர் போகட்டும் என்று சூட்டு விளக்கின் கீழே ஒரு சுவர்க்கோழியை வைத்து, இடுக்கியால் கவ்வி, முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிக்குள் நீட்டினாள். மூச்சைக்கூட விடவில்லை. இடுக்கியின் நுனியில் ஒரு சின்னத் துடிப்பு. பிறகு வெடுக்கென்று ஓர் இழுப்பு. கண்ணைத் திறந்தபோது இடுக்கி காலியாக இருந்தது.

"பாத்தியா என் ஆட்டத்தை?" என்றது இடுக்கி.

அதன்பிறகு சாமியாருக்கு உடம்பு தேறியது. வால் பருத்தது, தாடி வெளுத்தது. தில்லைநாயகிக்கும் முகம் தெளிந்தது. காலையில் சமைக்கும்போது பழையபடி தேவாரம் முணுமுணுத்தாள். இடுக்கிக்குத்தான் தலைக்கனம் ஏறியது. "இன்னிக்கு நொண்டிக் காட்டட்டுமா? பயந்த மாதிரி ஆட்டட்டுமா?" என்று கேட்கும். ஆட்டம் நாளுக்கு நாள் அசலாகிக்கொண்டே வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோதும் அந்தத் துடிப்பு விரல்வரை வந்தது. சில நாள் அந்த வேலையே அவளுடையது இல்லை என்பதைப் போல இருந்தது. கை கழுவும்போது மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் கழுவினாள்.

ஒரே ஒரு குறை. தினமும் சோறு போடுபவளைச் சாமியார் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதா வீடியோவில் வந்தாள். சாமியார் கொழுகொழுவென்று இருப்பதைப் பார்த்து அவளுக்கு வாயெல்லாம் பல்.

"உசுரோட குடுக்கப் பழகிட்டியாக்கா?"

"அய்யய்ய, செத்ததுதான். இடுக்கில பிடிச்சு ஆட்டிக் காட்டறேன், நம்பிருது" என்று சொல்லி, கவ்வியிருந்த சுவர்க்கோழியோடு இடுக்கியை மேசைமேல் விளக்கடியில் வைத்துவிட்டு, தங்கைக்குத் தெரிகிற மாதிரி தொலைபேசியைத் திருப்பினாள்.

வேதா திரையை நெருங்கிப் பார்த்தாள்.

"அக்கா" என்றாள். "இடுக்கியக் கீழ வெச்சுட்டயே. இப்ப அதை யாரு ஆட்டறா?"

தில்லைநாயகி திரும்பிப் பார்த்தாள். இடுக்கி மேசைமேல் அசையாமல் கிடந்தது. அதன் பிடியில் சுவர்க்கோழி ஒவ்வொரு காலாக நீட்டிக்கொண்டிருந்தது. மீசை மெல்ல எழுந்து அவள் இருக்கும் திசையைத் தடவியது. மேசையில் திறந்து கிடந்த பெட்டிக்குள்ளும் ஏதோ புரண்டது. ஒன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று.

அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். "என்ன இது?" என்று இடுக்கியைக் கேட்டாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"மொத நாள்லருந்தே இப்படித்தான் அம்மணி" என்றது இடுக்கி. பழைய பெருமை அதன் பேச்சில் இல்லை. "நான் எதையும் ஆட்டல. சும்மா பிடிச்சுட்டு இருந்தேன். நீ கண்ணைத் திறக்கல."

"நீ தூங்கப் பண்றேன்னயே" என்று ஃப்ரிட்ஜிடம் போனாள்.

"தூங்கற மாதிரின்னுதான் சொன்னேன்" என்றது ஃப்ரிட்ஜ். "மிச்சமெல்லாம் நீயா வெச்சுக்கிட்டது."

அப்போது இடுக்கியின் பிடியில் இருந்த சுவர்க்கோழி வாய் திறந்தது. "குளிர்ல கால்தான் வராது" என்றது. "காது கேக்கும். காலைல நீ பாடற பாட்டு எங்களுக்கு மனப்பாடம்." சொல்லிவிட்டு அது இறக்கையைத் தேய்த்தது. அவளுடைய தேவாரம், அவள் இழுக்கும் இடத்தில் இழுத்து, அவள் மூச்சு வாங்கும் இடத்தில் நிறுத்தி வந்தது. பெட்டிக்குள் இருந்தவையும் சேர்ந்துகொண்டன.

அவள் எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டியில் போட்டு மூடி, மறுபடியும் காய்கறித் தட்டில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். சாமியாருக்கு அன்று வெறும் கீரை. மறுநாளும் கீரைதான். சாமியார் அதைத் தொடவில்லை. வாலில் பழைய குழி மெல்ல எட்டிப் பார்த்தது.

மனம் ஒரு நிலைக்கு வரட்டும் என்று, தனக்குத் தெரிந்த பாவமில்லாத வேலையைச் செய்யப் போனாள். வண்டு வைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி ஏறினாள். வேட்டியை விரித்தாள், பரப்பினாள். வழக்கம்போல இறங்கப் போனவளுக்கு அன்று கால் வரவில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருக்கும் என்ற நினைப்பில் அங்கேயே நின்றுவிட்டாள்.

வெயில் ஏறியது. வண்டுகள் ஒவ்வொன்றாக அரிசியை விட்டு வெளியே வந்தன. வேட்டியின் ஓரத்தைத் தாண்டிச் சிமெண்டுத் தரையில் நடந்தன.

கைப்பிடிச் சுவரில் இருந்த ஓணான் இறங்கி வந்தது. நாக்கு நீண்டது, ஒரு வண்டைக் காணோம். அடுத்ததையும் காணோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து இன்னோர் ஓணான் வந்தது. எதிர்ச்சுவரிலிருந்து ஒன்று. அவற்றுக்கு அவசரமே இல்லை. ஆளுக்கோர் ஓரமாக, பந்தியில் தங்கள் இடம் தெரிந்தவர்கள் உட்காருவதைப் போல வேட்டியைச் சுற்றி உட்கார்ந்தன.

முதல் ஓணான் அவளைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது.

"என்ன அம்மணி, இன்னிக்குப் போகலயா?" என்றது. "எத்தனை வருசமாப் போடறீங்க. ஒரு நாளும் நின்னு பரிமாறினது இல்லயே."

தில்லைநாயகி அரிசியைக்கூட அள்ளவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்து பெட்டியை எடுத்துக் கூடத்தில் வைத்தாள். "நான் பாத்துக்கறேன் அம்மணி, சாத்து" என்றது ஃப்ரிட்ஜ். அவள் சாத்தினாள், வெறும் ஃப்ரிட்ஜை. கேரட் நறுக்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, அவை விழித்துக்கொள்ளும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கால்கள் அட்டையைச் சுரண்டத் தொடங்கின. சத்தத்தில் உடம்பெல்லாம் கூசியது; எழுந்து போகவில்லை.

"என்னை எடுத்துக்கோ" என்றது இடுக்கி.

"வேண்டாம்."

கையைப் பெட்டிக்குள் வைத்தாள். ஒரு சுவர்க்கோழி ஏறி உள்ளங்கை நடுவில் வந்து நின்றது. எடையே இல்லை, கால் நுனிகள் மட்டும் குத்தின. "மன்னிச்சுரு" என்றாள். அது மீசையால் அவள் ரேகையைத் தடவியது. அவள் அழுதுகொண்டே கையைத் தொட்டிக்குள் இறக்கினாள். கண்ணை மூடவில்லை.

சாமியாரின் நாக்கு அவள் உள்ளங்கையைத் தொட்டு மீண்டது. சொரசொரப்பாக, சூடாக இருந்தது. முழுவதையும் பார்த்தாள்.

கை காலியான பிறகும் நடுக்கம் நிற்கவில்லை. சாமியார் மென்று முடித்தது. அரைக்கண் முழுதாகத் திறந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நடுங்கும் விரல்களிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முகத்துக்கு மெதுவாகப் பார்வையை ஏற்றியது.

"ஓ" என்றது சாமியார். "இத்தனை நாளும் நீதானா?"