தொண்ணூற்றாறு பிடிகள்

"உஸ்தாத், என் புத்தகத்துல ஏன் கையெழுத்துப் போட மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார் கேப்டன் சேந்தன்.

எங்கள் பட்டாளத்தில் சண்டை சொல்லித் தருபவரை உஸ்தாத் என்றுதான் கூப்பிட வேண்டும். எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் பயிற்சி மைதானத்துக்குள் வந்துவிட்டால் அவர் மாணவர்தான். இத்தனைக்கும் உஸ்தாத் ஹவில்தார் மாசிலாமணி, கேப்டனைவிட இரண்டு வயது சின்னவர்.

கேப்டன் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய புத்தகம் அது. துப்பாக்கி கைநழுவிப் போனால் வெறுங்கையால் எப்படிச் சண்டை போடுவது என்று தொண்ணூற்றாறு பிடிகள், பக்கத்துக்கு ஒன்று. சிலம்பம், வர்மம், ஜூடோ, எதையும் விட்டுவைக்கவில்லை மனுஷன். இனி வரும் சிப்பாய்கள் இதைப் பழகித்தான் எல்லைக்குப் போவார்கள். ஆனால் உஸ்தாத் கையெழுத்து இல்லாமல் அது மேலிடத்துக்குப் போகாது.

"நாளைக் காலையில மலை ஏறிட்டுப் பேசலாம் சார்."

"மலைக்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம்?"

உஸ்தாத் பூட்ஸுக்குப் பாலிஷ் போட ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் முதுகில் இருபது கிலோ மூட்டையோடு பத்து கிலோமீட்டர் ஓட்டம். அத்தனையும் ஏற்றம். கேப்டன், உஸ்தாத், பின்னால் நாங்கள் ஆறு சிப்பாய்கள்.

உச்சியில் ஒரு ஓடை. தண்ணீரா அது, பனிக்கட்டி! கேப்டனை இரண்டு கைகளையும் அதில் வைக்கச் சொல்லிவிட்டு உஸ்தாத் நூறு வரை எண்ணினார். நிதானமாக எண்ணினார், பாவி.

அங்கே ஜீப்பில் சொகுசாக வந்து காத்திருந்தான் எங்கள் சமையல்காரன் பேச்சிமுத்து. இருநூறு பேருக்குச் சப்பாத்தி மாவு பிசைகிற கை. அந்தக் கையில் ஒரு மரக்கத்தி.

"மூட்டையைக் கழட்டிக்கட்டுமா?"

"எதிரிகிட்டயும் கேப்பீங்களா சார்?"

பேச்சிமுத்து பாய்ந்தான்.

கேப்டன் நாற்பத்தோராம் பக்கத்துப் பிடியைப் போடப் பார்த்தார். விரல் மடங்கவே இல்லை. அடுத்த நொடி, கவிழ்த்துப் போட்ட ஆமை மாதிரி மூட்டையோடு மல்லாந்து கிடந்தார்.

கத்தி கழுத்துக்கு இறங்கியது. அந்தக் கையை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். சிலம்பமும் இல்லை, ஜூடோவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விடவில்லை, அவ்வளவுதான்.

"டேய், வாங்கடா!" என்று கத்தினார்.

உஸ்தாத் எங்களுக்கு எந்த உத்தரவும் போட்டிருக்கவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஆறு பேரும் பேச்சிமுத்துவின் மேல் விழுந்தோம்.

"அய்யோ, நான் சமையல்காரன்டா!" என்று அவன் அலறியது அப்புறம்தான் காதில் ஏறியது.

உஸ்தாத் கிட்டே வந்தார். "இப்ப நீங்க போட்டது எந்தப் பக்கம் சார்?"



சாயங்காலம் கேப்டன் புத்தகத்தோடு மைதானத்துக்கு வந்தார். பாதிக்கு மேல் கிழித்துவிட்டிருந்தார். முன்னால் புதிதாக ஒரு தாள். அதில் மூன்றே வரி.

பிடி.
விடாதே.
கத்து.

உஸ்தாத் படித்தார். "கத்துனா எதிரியோட ஆளுங்களும் வருவாங்களே சார்?"

கேப்டன் எங்கள் ஆறு பேரையும் திரும்பிப் பார்த்தார்.

"வரட்டுமே. நம்ம பசங்க முதல்ல வந்துடுவாங்க, உஸ்தாத்."

எங்களை அறியாமலே விறைப்பாக நின்றோம்.

உஸ்தாத் பேனாவைக் கேட்டார்.