பலாமரத்துப் பலகை

கொல்லிமலையில் ஊமையன் சாமி என்று ஒருவர் இருந்தார். பேர்தான் ஊமையன், பேசினால் நிறுத்தமாட்டார். அவர் குடிசையைச் சுற்றி நானூறு குரங்குகள். அவை பஸ் ஏறி நாமக்கல் போய் மேட்னி பார்த்துத் திரும்பும். டிக்கெட் எடுத்தனவா என்று நான் விசாரிக்கவில்லை.

சாமியின் சீடர் மெய்கண்டான், சேலத்தில் ஒரு கம்பெனியில் மனிதவள மேலாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூச்சிரைக்க வந்து விழுந்தார்.

"சாமி, கரண்டு செலவைப் பாதியாக்கு, இல்லேன்னா நாற்காலியைக் காலி பண்ணுன்னுட்டார் முதலாளி. மூணு மாசம்தான் கெடு."

"ஆளுங்ககிட்டச் சொன்னியா?"

"சுவிட்சுக்கு சுவிட்ச் ஸ்டிக்கர் ஒட்டினேன். மரம் நட்டேன். உறுதிமொழி எடுக்க வெச்சேன். ஆளில்லாத ரூம்லகூட விளக்கும் ஏசியும் ஓடுது சாமி!"

"அது கிடக்கட்டும். உங்க ஆபீஸ்ல பதவி உயர்வை யார் முடிவு பண்றது?"

மெய்கண்டான் நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான். சாயங்காலம் வாசல்ல நின்னு அண்ணாந்து பார்ப்பேன். எந்த ஜன்னல்ல வெளிச்சம் இருக்கோ, அவன்தான் உழைப்பாளி. குறிச்சு வெச்சுக்குவேன்."

"பலே!" என்றார் சாமி. உள்ளே போய் ஒரு பலகையும் கரித்துண்டும் கொண்டுவந்தார். "உன் கையெழுத்து நல்லாருக்கும். 'குரங்குகள் இங்கே வரக்கூடாது'ன்னு எழுது."

எழுதினார். சாமி அதைப் பலாமரத்தில் ஆணி வைத்து அடித்தார். அடியில் ஒரு தார் வாழைப்பழத்தை வைத்தார். இருவரும் தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள்.

நானூறும் வந்தன. ஒரு கிழக்குரங்கு பலகைமேலேயே ஏறி உட்கார்ந்து தோலை உரித்தது.

மெய்கண்டானுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன சாமி இது! கீழே பழத்தை வெச்சுட்டு மேலே பலகை மாட்டினா வராம இருக்குமா?"

"அதானே?" சாமி தாடியைச் சொறிந்தார். "அதுங்களுக்குப் படிக்கத் தெரியாது, அதனாலதான் போல. உன் ஆளுங்க எல்லாம் படிச்சவங்கதானே?"

சிரிப்பு பாதியில் நின்றது. மெய்கண்டான் பலகையைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். பிறகு, ஆபீஸ் வாசலில் நின்று பார்ப்பதுபோல, கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"சாமி... பழத்தை எடுத்துடட்டுமா?"

"இங்கதான் தின்னு தீர்த்துடுச்சுங்களே. ஊருக்குப் போய் எடு."